மொட்டைமாடியில் கேட்ட தரவு

தாளவாடியில் கிளை வைத்திருக்கும் ஒரு சிறு கடன் நிறுவனத்தின் மொட்டைமாடியில், செயற்கைக்கோளோடு தரவு பரிமாறும் சிறு தரைநிலையமான விசாட்டின் டிஷ்ஷைப் பொருத்தி முடித்த மாலையில், அந்தக் கிளையின் மேலாளர் தேநீர் டம்ளரை என்னிடம் நீட்டியபடியே கேட்டார்: “இனிமே நம்ம கணக்கெல்லாம் வானத்து வழியாப் போகுதுங்க. கம்பியே இல்லைன்னா நடுவுல எவனும் எடுக்க முடியாது, இல்லீங்களா சார்?” நான் ஆமாம் என்று சொல்லிவிட்டு, சாமராஜநகர் வழியாகப் பெங்களூருக்குத் திரும்பினேன். அந்த விடை தவறு. அது எவ்வளவு பெரிய தவறு என்பதைப் பீன்யாவில் இருக்கும் எங்கள் அலுவலகத்தின் மொட்டைமாடியில்தான் பிறகு தெரிந்துகொண்டேன். நிறுவனங்களின் தரவைச் செயற்கைக்கோள் வழியாகக் கொண்டுசேர்ப்பதையே தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில், அன்று சொல்லியிருக்க வேண்டிய விடையை இங்கே எழுதுகிறேன்.

மேலாளரின் நம்பிக்கைக்கு அடிப்படை இல்லாமல் இல்லை. விசாட் வலையமைப்பில் கிளைக் கணினிக்குப் பொது இணையத்தின் முகவரி கிடையாது. கிளையிலிருந்து கிளம்பும் தரவு செயற்கைக்கோளுக்கு ஏறி, ஹப் என்று நாங்கள் சொல்லும் பெரிய தரைநிலையத்தில் இறங்கி, அங்கிருந்து குத்தகைக் கம்பி வழியாக நிறுவனத்தின் தரவு மையத்தை அடைகிறது. உலகின் ஏதோ ஒரு மூலையில் உட்கார்ந்துகொண்டு இணையத்தைத் துழாவுகிறவருக்கு அந்தக் கிளைக் கணினி இருப்பதே தெரியாது. பெங்களூரில் வாழ்கிறவர்களுக்கு இன்னொரு நன்மையும் உடனே புரியும்: சாலையைத் தோண்டும் ஜேசிபி ஒரே கொத்தில் ஃபைபரை அறுத்து, அன்று முழுவதும் ஒரு தெருவையே முடக்குவது இங்கே அன்றாடக் காட்சி. வானத்து இணைப்புக்கு அந்தப் பயம் இல்லை.

ஆனால் இணையத்திலிருந்து நுழைய முடியாது என்பதும், யாரும் கேட்க முடியாது என்பதும் வெவ்வேறு செய்திகள். நாங்கள் பயன்படுத்தும் செயற்கைக்கோள்கள் நிலநடுக்கோட்டுக்கு மேலே ஏறக்குறைய 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்பவை. அவற்றில் பெரும்பாலானவை தமக்கு வரும் அலையைப் பெருக்கி, அலைவரிசையை மட்டும் மாற்றித் திருப்பி அனுப்பும் வேலையைச் செய்கின்றன. அனுப்பியது யார், பெற வேண்டியது யார் என்று அவை பார்ப்பதில்லை. திருப்பி அனுப்பும் அலையும் ஒரு கூரையின் மீது மட்டும் விழுவதில்லை. அகன்ற கற்றை என்றால் காஷ்மீர் முதல் கன்னியாகுமரி வரை, எல்லைகளுக்கு அப்பாலும் சிறிது தூரம் வரை, ஒரே அலை பரவி விழுகிறது. ஹப்பிலிருந்து கிளைகளுக்குப் போகும் தரவு முழுவதும் ஒரே பெரிய ஓட்டமாகத்தான் இறங்குகிறது. தாளவாடிக் கிளைக்கான பொட்டலம், அதாவது முகவரியிட்ட தரவுத் துண்டு, அதே ஓட்டத்தைப் பங்கிட்டுக்கொள்ளும் வேறொரு நிறுவனத்தின் டிஷ்ஷையும் வந்து தொடுகிறது. அங்கிருக்கும் மோடம் முகவரியைப் பார்த்து, தனக்கு உரியதல்ல என்று அதை விட்டுவிடுகிறது. ஊர் முழுக்கத் தண்டோரா போட்டு ஒரே ஒரு வீட்டுக்காரருக்குச் செய்தி சொல்வதைப் போன்ற ஏற்பாடு இது. மற்ற வீட்டுக்காரர்கள் காதைப் பொத்திக்கொள்வார்கள் என்ற நம்பிக்கையில் அது நடக்கிறது.

இந்தத் துறையில் புழங்கும் சொல்லே மயக்கம் தருகிறது. உரிமப் பத்திரங்களில் இத்தகைய வலையமைப்புக்குச் சி.யு.ஜி., அதாவது மூடிய பயனர் குழு, என்று பெயர். மூடிய என்ற சொல்லைக் கேட்டதும் பூட்டிய கதவு நினைவுக்கு வருகிறது. ஆனால் அந்தச் சொல் குறிப்பது, குழுவுக்குள் யார் யார் பேசிக்கொள்ள உரிமை பெற்றவர்கள் என்பதை மட்டுமே. 1994-இல் மும்பையில் தேசியப் பங்குச் சந்தை வணிகத்தைத் தொடங்கியபோது, நாடெங்கும் இருந்த தரகர்களைத் திரை வழியாக இணைக்க விசாட்டையே நம்பியது. அன்று தொலைபேசிக் கம்பிகள் இருந்த நிலையில் அத்தனை ஊர்களை எட்ட வேறு வழி இருக்கவில்லை. 1999-இல் ஐதராபாத்தில் உள்ள வங்கித் தொழில்நுட்ப ஆய்வு நிறுவனமான ஐடிஆர்பிடி, வங்கிகளுக்காக இன்பினெட் என்ற மூடிய குழு வலையமைப்பைச் செயற்கைக்கோள் வழியாகத் தொடங்கியது. மூன்று ஆண்டுகளில், 2002-இல், அதே நிறுவனம் மின்னணுக் கையொப்பச் சான்றிதழ் வழங்கும் உரிமத்தையும் பெற்றது. வலையமைப்பு மூடியிருப்பது மட்டும் போதாது, அதில் போகும் செய்திக்கும் தனிப் பாதுகாப்பு வேண்டும் என்று அதைக் கட்டியவர்களுக்குத் தெரிந்திருந்தது. அவர்களுக்குப் பிறகு வந்த சிறிய நிறுவனங்கள் அந்தப் பாடத்தின் முதல் பாதியோடு நின்றுவிட்டன.

பீன்யா மொட்டைமாடிக்கு வருகிறேன். எங்கள் மூத்த பொறியாளர் ஒருவர், தருமபுரிக்காரர், ஒரு நாள் அந்தக் கடன் நிறுவனத்திடம் எழுத்துமூலம் அனுமதி வாங்கிக்கொண்டு ஒரு சோதனைக்கு ஏற்பாடு செய்தார். பிறருடைய தரவை அனுமதியின்றி இடைமறித்துக் கேட்பது நம் நாட்டில் குற்றம். எனவே அந்த நிறுவனத்தின் பொட்டலங்களை மட்டுமே பிரித்து எடுக்கும்படி முன்பே வடிகட்டி அமைத்திருந்தார். கருவிகள் எளியவை: வீட்டுத் தொலைக்காட்சிக்கு மாட்டும் ஒரு டிஷ், கணினியில் செருகும் செயற்கைக்கோள் டியூனர் அட்டை ஒன்று, இலவசமாகக் கிடைக்கும் மென்பொருள். எல்லாம் சேர்த்து 10,000 ரூபாய்க்குள் அடங்கிவிட்டது. பெங்களூரிலிருந்து 83 பாகை கிழக்கில் நிற்கும் செயற்கைக்கோளைப் பார்க்க வேண்டுமானால் டிஷ்ஷின் பார்வை அடிவானத்திலிருந்து ஏறக்குறைய 73 பாகை உயர வேண்டும். கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு மேலே. ஒரு ஸ்பேனரை வைத்துக்கொண்டு அவர் அதை இழை இழையாகத் திருப்ப, நான் மடிக்கணினியில் சிக்னல் எண்ணைச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அரை மணி நேரம் கழித்துத் திரையில் எழுத்துகள் ஓடத் தொடங்கின. தரவு மையத்திலிருந்து கிளைக்குப் போகும் விடைகள் அவை. உறுப்பினர் பெயர், கைபேசி எண், கடன் நிலுவை. அடகு வைத்த நகைகளின் விவரம்கூட வரி வரியாக வந்தது: “தோடு ஒரு ஜோடி, 4.200 கிராம்.” அந்த வரியை நான் மறக்கவில்லை. மலையடிவாரத்தில் யாரோ ஒரு பெண், பள்ளிக் கட்டணத்துக்கோ விதைக்கோ, காதிலிருந்து கழற்றிக் கொடுத்த தோடு அது. தன் வீட்டாருக்கே சொல்லாமல்கூட அவர் வைத்திருக்கலாம். அந்தச் செய்தி இந்தியா முழுவதும் விழுந்துகொண்டிருந்தது. பகலில் பக்கம் பார்த்துப் பேசு, இரவில் அதுவும் பேசாதே என்று நம் பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள்; நாங்கள் ஊரார் சொத்துக் கணக்கை உரக்கப் படித்துக்கொண்டிருந்தோம்.

இது எங்கள் ஒரு வாடிக்கையாளரின் குறை மட்டும் என்று சொல்லித் தப்பிக்க முடியாது. ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர் ஜேம்ஸ் பாவுர் 2020-இல், சுமார் 300 டாலர் மதிப்புள்ள தொலைக்காட்சிக் கருவிகளைக் கொண்டு 18 செயற்கைக்கோள்களின் ஓட்டத்தைக் கேட்டு, கப்பல்களும் விமானங்களும் அனுப்பிய தரவு பூட்டின்றிப் போவதைக் காட்டினார். 2025-இல் சான் டியேகோவில் உள்ள கலிஃபோர்னியப் பல்கலைக்கழகமும் மேரிலாந்து பல்கலைக்கழகமும் சேர்ந்து வெளியிட்ட ஆய்வு இன்னும் கவலை தருவது. ஒரே ஒரு கட்டடத்தின் கூரையிலிருந்து, சுமார் 800 டாலர் கருவிகளோடு 39 செயற்கைக்கோள்களைக் கேட்டார்கள். அவர்கள் ஆராய்ந்த ஓட்டங்களில் ஏறக்குறைய பாதி மறைகுறியாக்கம் (சாவி இல்லாதவருக்குப் புரியாதபடி தரவை மாற்றும் பூட்டு) இல்லாமல் இருந்தன. கைபேசிக் கோபுரங்களுக்குப் போய்வரும் தரவு, இராணுவச் செய்திகள், மின்வாரியக் கட்டுப்பாடு என்று எல்லாமே அவற்றில் இருந்தன. வானத்தை யாரும் நிமிர்ந்து பார்க்கமாட்டார்கள் என்ற எண்ணமே அத்தனை நிறுவனங்களுக்கும் பூட்டாக இருந்திருக்கிறது.

ஏன் பூட்டுவதில்லை? சோம்பலும் செலவும் காரணம் என்று வெளியிலிருந்து பார்ப்பவர்கள் சொல்வார்கள். உள்ளே இருப்பவர்களுக்குத் தெரிந்த காரணம் வேறு. கிளையிலிருந்து கேள்வி ஏறி இறங்கி, விடை ஏறி இறங்கினால் 1,44,000 கிலோமீட்டர் ஆகிறது. ஒளியின் வேகத்திலேயே அதற்கு ஏறக்குறைய அரை விநாடி வேண்டும். கருவிகளின் தாமதத்தையும் சேர்த்தால் 600 மில்லி விநாடி. டிசிபி என்ற தரவுப் பரிமாற்ற முறையில், அனுப்பும் கணினி ஓர் அளவு தரவை அனுப்பிவிட்டு, ‘கிடைத்தது’ என்ற ஒப்புதல் வரும்வரை காத்திருக்கிறது. பழைய மென்பொருள்களில் அந்த அளவு அதிகபட்சம் 64 கிலோபைட். ஆகவே எத்தனை பெரிய அலைக்கற்றைக்குப் பணம் கட்டினாலும், ஓர் இணைப்பில் விநாடிக்கு 870 கிலோபிட்டுக்கு மேல் போகாது. இதைச் சமாளிக்க விசாட் மோடம் ஒரு வேலை செய்கிறது: தூரத்திலிருந்து ஒப்புதல் வருவதற்கு முன்பே, தானே உள்ளூரில் ஒப்புதலைக் கொடுத்து ஓட்டத்தை முடுக்குகிறது. அதற்கு அது பொட்டலத்தின் தலைப்பைப் படிக்க வேண்டும். நிறுவனம் தன் ரூட்டரிலேயே ஐபிசெக் என்ற மறைகுறியாக்க முறையில் எல்லாவற்றையும் மூடி அனுப்பினால் மோடத்துக்குத் தலைப்புத் தெரியாது, முடுக்கம் நின்றுவிடும், கிளையில் திரை திறக்கவே நேரமாகும். வாசலில் வரிசை நிற்கும்போது கிளைக்காரர் தொலைபேசியில் கத்துவார். பெங்களூரில் இரவுப் பணியில் இருக்கும் இளைஞர் ஒருவர், ‘தற்காலிகமாக’ மறைகுறியாக்கத்தை நீக்கிப் பார்ப்பார். வேகம் வந்துவிடும். அதன்பின் யாரும் அதைத் தொடமாட்டார்கள். தாளவாடியில் நடந்ததும் இதுதான்.

பூட்டுவதற்கு வழிகள் இருக்கின்றன. கேட்க வேண்டிய கேள்வி, சாவி யாரிடம் இருக்கிறது என்பது. மோடத்துக்கும் ஹப்புக்கும் நடுவே சேவை நிறுவனமே ஏஇஎஸ்-256 என்ற மறைகுறியாக்க முறையில் பூட்டித் தருவது எளிய வழி. முடுக்கமும் கெடாது, மொட்டைமாடியில் கேட்பவருக்கும் ஒன்றும் புரியாது. ஆனால் ஹப்பில் தரவு திறந்த நிலையில் இறங்குகிறது. சாவியும் சேவை நிறுவனத்திடமே இருக்கிறது. நான் அந்தத் தரப்பில் வேலை பார்க்கிறவன். என் சக ஊழியர்களின் நேர்மையில் எனக்கு ஐயமில்லை. இருந்தாலும் வாடிக்கையாளரிடம் நான் சொல்வது, எங்களை நம்ப வேண்டிய தேவையே இல்லாதபடி உங்கள் வலையை அமைத்துக்கொள்ளுங்கள் என்பதுதான். கிளை ரூட்டருக்குள் முதலில் முடுக்கம், அதன்பின் ஐபிசெக், அதன்பின் எங்கள் மோடம் என்று வரிசையை மாற்றினால் வேகமும் ரகசியமும் ஒருங்கே கிடைக்கும். சாவி நிறுவனத்தின் கையிலேயே இருக்கும். கடன் மென்பொருளையும், தரவைத் தானே பூட்டி அனுப்பும் டிஎல்எஸ் முறைக்கு மாற்ற வைத்தோம். மென்பொருளை எழுதிக்கொடுத்தவர்கள் நான்கு மாதம் இழுத்தடித்தது தனிக் கதை. இராணுவ வலையமைப்புகளில் இன்னும் ஒரு படி போய், பேச்சு இல்லாத நேரத்திலும் வெற்றுத் தரவை ஓடவிட்டு, எப்போது அதிகம் பேசுகிறார்கள் என்பதைக்கூட மறைப்பார்கள். நகைக் கடன் கிளைக்கு அது தேவையில்லை.

மழையை விட்டுவிடக் கூடாது. நாங்கள் பயன்படுத்தும் கேயூ அலைவரிசை கனமழையில் தேய்ந்துபோகும். இணைப்பு நின்ற பத்து நிமிடத்தில் கிளை ஊழியர் தன் கைபேசியின் ஹாட்ஸ்பாட்டைத் திறந்து கணினியை அதில் இணைத்துவிடுவார். அத்தனை கவனமாகக் கட்டிய தனி வழி அந்தக் கணமே பொது இணையத்தில் திறந்துகொள்ளும். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எதிரே நிற்பவருக்குப் பணம் கொடுக்க வேண்டிய பொறுப்பு அவருடையது. மாற்று வழியையும் அதே பூட்டோடு நாங்களே அமைத்துக் கொடுத்திருக்க வேண்டும்.

தரவைப் பூட்டிவிட்டால் வேலை முடிந்துவிடுகிறதா என்றால், 2022 பிப்ரவரி 24-ஐ நினைத்துக்கொள்கிறேன். ரஷ்யப் படைகள் உக்ரைனுக்குள் நுழைந்த அதே விடியலில், ஐரோப்பாவுக்குச் சேவை தந்துகொண்டிருந்த வயாசாட் நிறுவனத்தின் கேஏ-சாட் வலையமைப்பில் பல்லாயிரம் மோடங்கள் செத்துவிழுந்தன. தாக்கியவர்கள் செயற்கைக்கோளைத் தொடவில்லை. மறைகுறியாக்கத்தை உடைக்கவும் இல்லை. தொலைவிலிருந்து உள்வலைக்குள் வர வழிவிடும், ஆனால் சரியாக அமைக்கப்படாத ஒரு விபிஎன் கருவி வழியாகத் தரையில் இருந்த மேலாண்மை வலைக்குள் நுழைந்து, மோடங்களுக்கு வழக்கமாக அனுப்பும் முறையான கட்டளைகளையே அனுப்பி, அவற்றின் ஃபிளாஷ் நினைவகத்தை அழித்துவிட்டார்கள். ஜெர்மனி உள்ளிட்ட நடு ஐரோப்பாவில் 5,800 காற்றாலைகளைத் தொலைவிலிருந்து கண்காணிக்க முடியாமல் போயிற்று. வயாசாட் ஏறக்குறைய 30,000 மோடங்களை மாற்றாக அனுப்பியது. எல்லா மோடங்களுக்கும் ஒரே நேரத்தில் கட்டளையிடும் வசதி இல்லாமல் எங்களைப் போன்றவர்களால் ஒரு நாள்கூட வேலை செய்ய முடியாது. அந்த வசதியே அன்று ஆயுதமாயிற்று. அந்தச் செய்தியைப் படித்த வாரத்தில் எங்கள் அலுவலகத்தில் ஹப் மேலாண்மைக் கணினிகளுக்குப் போகும் வழிகளை எண்ணிப் பார்த்தோம். இரண்டு என்று நினைத்திருந்தோம், ஐந்து இருந்தன. அவற்றில் ஒன்று, வேலையை விட்டுப் போன ஒருவருக்காக எப்போதோ திறந்து வைத்தது.

சட்டமும் இப்போது பக்கத்தில் வந்து நிற்கிறது. 2023-இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தகுந்த பாதுகாப்பு ஏற்பாடுகளைச் செய்யத் தவறும் நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை தண்டம் விதிக்க இடம் தருகிறது. கூட்டங்களில் இந்த எண்ணைச் சொன்னதும் எல்லோரும் நிமிர்ந்து உட்காருகிறார்கள். 4.200 கிராம் தோட்டைச் சொன்னபோது அப்படி யாரும் உட்காரவில்லை.

சில நூறு கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் ஸ்டார்லிங்க் போன்ற தாழ்வட்டச் செயற்கைக்கோள்கள் வந்தால் இந்தத் தொல்லை தீருமா என்று கேட்கிறார்கள். தாமதம் பெருமளவு குறைவதால், வேகத்துக்காகப் பூட்டைக் கழற்றும் சாக்கு போய்விடும். அது பெரிய நன்மைதான். சாவி யாரிடம், மேலாண்மை வழி யாரிடம் என்ற கேள்விகள் அப்படியே இருக்கும். மேக்ரி சர்க்கிளுக்குப் பக்கத்தில் இருக்கும் ராமன் ஆய்வு நிறுவனத்தில் குவாண்டம் முறையில் சாவி பரிமாறும் ஆய்வு நடக்கிறது. 2023-இல் ஒப்புதல் பெற்ற தேசியக் குவாண்டம் இயக்கம், செயற்கைக்கோள் வழியாக 2,000 கிலோமீட்டர் தூரத்துக்கு அப்படிப்பட்ட பாதுகாப்பான தொடர்பை இலக்காக வைத்திருக்கிறது. அந்த வழியாகப் போகும்போதெல்லாம் மனம் நிறைகிறது. ஆனால் சாவியை எவ்வளவு நுட்பமாகக் கொண்டுசேர்த்தாலும், அது கடைசியில் குடியிருக்கப் போவது ஒரு தகரப் பெட்டிக்குள்.

அந்தப் பெட்டியை நான் பெங்களூரின் எஸ்.பி. ரோட்டில் பார்த்தேன். பழைய மின்னணுப் பொருள்கள் குவிந்து கிடக்கும் அந்தத் தெருவுக்கு ஒரு சனிக்கிழமை கேபிள் வாங்கப் போயிருந்தபோது, ஒரு கடை வாசலில் விசாட் மோடமும் கிளை ரூட்டரும் ஒன்றின் மேல் ஒன்றாக இருந்தன. ரூட்டரின் அடியில் ஒட்டியிருந்த சொத்து எண் சீட்டு எனக்குத் தெரிந்த வடிவம். விலை பேசி வாங்கி வந்து வீட்டில் மின்சாரம் கொடுத்துக் கன்சோலில் திறந்தேன். யாரும் எதையும் அழித்திருக்கவில்லை. கிளையின் பெயர், தரவு மையத்தின் உள் முகவரிகள், அவற்றுக்குக் கீழே ஐபிசெக் சாவி. அது கிளைக்கு ஒன்றான சாவி அல்ல. அமைப்பதற்கு எளிது என்று நாங்கள் எல்லாக் கிளைகளுக்கும் பொதுவாகப் போட்டிருந்த சாவி. மூடிய கிளை ஒன்றின் பழைய சாமான் என்று ஒப்பந்தக்காரர் எடைக்குப் போட்டுவிட்டிருக்கிறார்.

அன்று இரவே வாடிக்கையாளரிடம் சொல்லிவிட்டு, மூத்த பொறியாளரும் நானும் ஒவ்வொரு கிளைக்கும் தனித்தனிச் சாவியைப் போடத் தொடங்கினோம். சாவி மாறும்போது இணைப்பு அறுந்து திரும்ப வர வேண்டும். வராவிட்டால் விடிவதற்குள் யாராவது அந்த ஊருக்கு வண்டியில் போக வேண்டும். தாளவாடி கடைசியாக, அதிகாலை 4 மணிக்கு வந்தது. காலை பத்து மணிக்கு மேலாளர் அழைத்து, ராத்திரி லிங்க் போய் வந்ததாகப் பதிவில் இருக்கிறதே, என்ன காரணம் என்று கேட்டார். எஸ்.பி. ரோட்டில் கண்டதைச் சொன்னேன். முன்பு அவர் கேட்ட கேள்விக்கு நான் கொடுத்த விடை தவறு என்பதையும், மொட்டைமாடியில் நாங்கள் படித்த வரியையும் சேர்த்துச் சொன்னேன். அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, “அந்தத் தோட்டுக்காரம்மா போன மாசம்தான் நகையைத் திருப்பிட்டுப் போனாங்க சார்” என்றார்.

நான்கு நாள் கழித்துப் பேருந்துப் பார்சலில் ஓர் அரிசிச் சாக்கு அலுவலகத்துக்கு வந்தது. உள்ளே இரண்டு பழைய மோடங்கள், மின்னலில் போன ஒரு ரூட்டர், அதன் உடைந்த மேல்மூடி, கிளைச் சாமான் அறையில் கிடந்த ஒரு பென் டிரைவ். ஒவ்வொன்றின் வரிசை எண்ணையும் கையால் எழுதி, முத்திரை வைத்து, அடியில் ஒரு வரி சேர்த்திருந்தார்: அழித்துவிட்டு எழுத்தில் தெரிவிக்கவும்.